கவ்வாத்து மலைக்குக் கட்டின காகிதப் பூ

நோர்வூட்
11.05.2025

அன்பு மகள் தனுஷிகாவுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் கையும் காலும் ஆடிக்கொண்டு இருக்கிறோம், அப்பாவுக்கு வலது கை மட்டும் தோளுக்கு மேலே ஆடாது. உனக்கும் அங்கே ஒரு குறையும் வரக்கூடாது, நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் நிற்காது, சாப்பிட்டாயா, ஏன் மெலிந்து போனாய் என்று கேட்டு முடிப்பதற்குள் சிக்னல் போய்விடும், பிறகு தண்ணித் தாங்கிப் பக்கம் ஏறிப்போய் மறுபடி பிடிக்க வேண்டும். ஐந்து வாரமாக இந்தக் கோபத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அதை வீணாக்க எனக்கு விருப்பமில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மலைக்கு லீவு, உன் பழைய கொப்பியில் நடுத்தாளைப் பிரித்து எழுதுகிறேன். பாதியில் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் படி.

முதலில் உன் பூப்படங்களுக்கு வருகிறேன். ஒவ்வொரு ஏப்ரலும் தவறாமல் ஒரு செர்ரி மரத்தடியில் நின்று படம் எடுத்து அனுப்புகிறாய். பூ பூத்தவுடனே ஊரே பாயைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய் சோற்றுப் பொட்டலம் பிரிக்கிறதாம், கம்பெனியில் லீவு கூடக் கொடுக்கிறார்களாம். நாங்களும் தினம் மரத்தடியில்தான் பொட்டலம் பிரிக்கிறோம் மகளே, எங்களை ஒருவரும் படம் பிடித்ததில்லை, அட்டை மட்டும் வந்து காலைத் தொட்டு விசாரித்துவிட்டுப் போகும். மாதக்கணக்கில் மொட்டையாக நின்ற மரம் பூத்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷம் வரத்தான் செய்யும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வசந்தம் வசந்தம் என்று இங்கே இருக்கிறவர்களும் ஆடுகிறார்களே, அதைத்தான் சகிக்க முடியவில்லை. கல்யாணப் பத்திரிகையில் வசந்தம், தேர்தல் நோட்டீஸில் வசந்தம், சினிமாவில் வசந்தம் வந்தால் ஒருத்தி கொழுந்து மலைக்குள் சேலை பறக்க ஓடுகிறாள். செடி நிரைக்குள் அப்படி ஓடினால் முழங்காலுக்குக் கீழே தோல் மிஞ்சாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தது வெயில், பனி, மழை, காற்று, கொழுந்து கூடுகிற மாதம், கொழுந்து குறைகிற மாதம். முருக்கமரம் சிவந்து குயில் கத்தினால் வருசப்பிறப்பு கிட்ட வந்துவிட்டது என்று தெரியும். அதற்கு மேல் வசந்தத்துக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நீயும் ஐந்து வருசமாக அடுத்த வசந்தத்துக்கு வந்துடுறேம்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அந்த மாதம் நம் வீட்டுக் கலண்டரில் இல்லை, அதனால்தானோ என்னவோ நீயும் வந்தபாடில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். பாலத்தடிக்குப் பக்கத்தில், ரோட்டோரமாக, தோட்டம் நமக்குப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த மலைத்துண்டு உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய நிலைமை வந்துவிட்டது. எண்ணூறு செடி. இந்த வருசம் அதற்குக் கவ்வாத்து முறை. நாலைந்து வருசத்துக்கு ஒரு தடவை செடியை முழங்கால் உசரத்துக்கு வெட்டி வெறும் குச்சியாக விட்டால்தான் புதுத் துளிர் அடித்து வரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, முப்பது வருசம் கவ்வாத்து வெட்டினவர் மகள் நீ. ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏன் என்று பின்னால் தெரியும். அப்பாவின் தோள் ஆறிவிடும் ஆறிவிடும் என்று காத்திருந்து காலம் தப்பிப்போனது. கத்தி பிடிக்கத் தெரிந்த ஆம்பிளைகள் எல்லாரும் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். கடைசியில் ஜனவரி பிறந்ததும் நானே கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பொம்பளை கவ்வாத்து வெட்டுவதைப் பார்க்க ரோட்டில் போகிற வேனெல்லாம் மெதுவாகப் போனது. உன் அப்பா கரைமேல் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டு, கத்தியச் சாய்ச்சுப் புடி, வெட்டுல தண்ணி நிக்கப்படாது, அந்தக் கெளைய விடு, இந்தக் கெளைய எடு என்று பதினேழு நாளும் உத்தரவு போட்டார். அந்த மனுசனுக்குத் தோளில்தான் நோவு, வாயில் ஒன்றும் இல்லை.

வெட்டி முடித்த மறுநாள் மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, என்ன பூரணி, கவ்வாத்து வெட்டச் சொன்னா வெறகு வெட்டி வச்சிருக்க, ஏப்ரல் கடைசிக்குள்ள இதுல துளிர் வரலைன்னா இந்தத் துண்டை வேற ஆளுக்கு மாத்திருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆளுக்கு என்றால் அதற்குப் பிறகு நாம் அந்தச் செடியில் ஒரு இலையைத் தொட முடியாது. அப்பாவால் இனி மலை வேலை செய்ய முடியாது, எனக்கும் ஐம்பத்துமூன்று ஆகிறது, நமக்கென்று சொல்லிக்கொள்ள இருப்பது அந்தத் துண்டு ஒன்றுதான். அவர் சொல்லி வாய் மூடவில்லை, பனி இறங்கியது. பிப்ரவரி முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை. வெட்டுக் கருகாமல் இருக்கப் பன்னத்தழையை வெட்டிக்கொண்டு வந்து குச்சிகளுக்கு மேலே மூடினேன். தினமும் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் அங்கேதான் போவேன், குனிந்து ஒவ்வொரு குச்சியாகப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. எனக்குத் தூக்கமே போய்விட்டது, உன்னிடம் சொல்லவில்லை. மார்ச் கடைசி வாரம் மழை வந்தது. அதற்குப் பிறகு நாலாம் நாள் பன்னத்தழையை விலக்கிப் பார்க்கிறேன், முன் நிரையில் குச்சிக்குக் குச்சி மிளகு அளவில் சிவப்பாகத் துளிர்க் கண் வெடித்திருக்கிறது. அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். ஆனால் ஒருத்தரிடமும் வாயைத் திறக்கவில்லை, உன் அப்பாவிடம் கூட. கவ்வாத்து மலையில் துளிர் நாலு விரல் உசரம் வருகிற வரைக்கும் வெளியே சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும் என்று நம் லயத்து வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறதே, அதைக் கடைப்பிடித்தேன். சொல்லியிருந்தால் வந்த வினை வந்திருக்காது. அந்த அளவுக்குத் தப்பு என் பேரிலும் இருக்கிறது, அதை ஒத்துக்கொண்டுதான் உன்னைத் திட்டப் போகிறேன்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் வசந்தக் கலைவிழா என்று வைத்தார்கள். நுவரெலியா சீசனுக்கு வருகிறவர்கள் தங்குகிற ஒரு ஹோட்டல்காரர் உதவி, தோட்டத்துத் துரை தலைமை, பொறுப்பு துரைராசா மாஸ்டர். உனக்குப் படம் கீறச் சொல்லிக்கொடுத்த அதே யாழ்ப்பாணத்து மாஸ்டர்தான், நல்ல மனுசர், ஆனால் தேயிலைக்கும் மருதாணிக்கும் வித்தியாசம் தெரியாது. விழாவுக்கு வருகிறவர்கள் ரோட்டில் இறங்கியவுடனே கண்ணில் படுவது நம் மொட்டை மலை, அது பார்க்க நல்லாயில்லை, என்ன செய்யலாம் என்று அவர் உனக்குப் போட்டோ அனுப்பிக் கேட்டிருக்கிறார். நீயும் ஜப்பானில் உட்கார்ந்துகொண்டு ஒரு படம் வரைந்து அனுப்பியிருக்கிறாய். குச்சிக்குக் குச்சி ரோஸ் கலர் பூ, கீழே கொட்டை எழுத்தில் இறந்த செடிகள் உயிர் பெறும் வசந்தம். இறந்த செடிகள். பெற்றவள் வெட்டின மலையைப் பார்த்து, அப்பா சொல்லிச் சொல்லி வெட்டவைத்த மலையைப் பார்த்து, செத்துப்போச்சு என்று எழுத உனக்கு எப்படியடி கை வந்தது? அந்தப் போட்டோவில் பாலத்துச் சுவர் தெரிகிறது. அந்தச் சுவரில் உட்கார்ந்து பதினொரு வருசம் பஸ்ஸுக்குக் காத்திருந்தவள் நீ.

வெள்ளிக்கிழமை நான் மேமலையில் கொழுந்தெடுத்துவிட்டு வருகிறேன். வேலாயி அக்கா முன்னால் நடந்தவள் திரும்பி நின்று, பூரணி, ஒன் மலைக்குக் கல்யாணமாடி என்று கேட்டாள். பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருபது பேர், முன் மூன்று நிரையிலும் பன்னத்தழையை எல்லாம் இழுத்துக் கீழே போட்டுவிட்டு, குச்சி குச்சியாகக் காகிதப் பூவை மெல்லிய கம்பியால் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, சொன்னதைச் செய்கிறார்கள். கம்பி உரசின இடமெல்லாம் என் மிளகுக் கண்கள் உதிர்ந்து மண்ணில் கிடந்தது. கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கோவிக்காதையுங்கோ அம்மா, இது ஒரு குறியீடு, வசந்தம் எண்டா செத்தது திரும்ப எழும்புறது, உங்கட மகள் வடிவா விளங்கித்தான் கீறி அனுப்பினவா என்று சொன்னார். செத்தாத்தானே மாஸ்டர் எழும்புறதுக்கு, இது சாகலைங்க என்று சொன்னேன். அப்போதுதான் அவர் போனில் நீ வரைந்த படத்தைக் காட்டினார், உன் பேரும் போட்டிருந்தது. போட்ட கூடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், ஒரு நாள்தானே, தொரை வர்றாரு, விடு என்கிறார். துளிர் வந்திருந்தது என்று அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். மனுசன் முகம் செத்துப்போனது, ஆனாலும் துரை வருகிற இடத்தில் போய்ப் பூவைப் பிடுங்க அவருக்குத் தைரியம் இல்லை.

சனிக்கிழமை விழாவைப் பற்றிக் கேள். வேலாயி அக்கா மகள் சர்மிளாதான் வசந்தராணி. வலைத்துணியில் கவுன், முதுகில் இரண்டு இறக்கை, தலையில் பூ. வசந்தராணிக்குச் செருப்புப் போடக்கூடாதாம், அந்தக் குளிரில் வெறுங்காலோடு நிரைக்குள் நடக்கவிட்டார்கள், அந்தப் பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. அவள் கோலை நீட்டி ஒவ்வொரு செடியாகத் தொட வேண்டும், தொட்டவுடனே லவுட்ஸ்பீக்கரில் புல்லாங்குழல். ஹோட்டல் ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்தார்கள், கையில் இருக்கிற தேத்தண்ணி இந்தக் குச்சியிலிருந்துதான் வந்தது என்று ஒருத்தருக்காவது தெரிந்திருக்குமோ என்னவோ. துரை பேசினார், ஹோட்டல்காரர் பேசினார், வசந்தம் நம்பிக்கை, வசந்தம் புதுவாழ்வு, வசந்தம் கலைகளின் தாய் என்று ஆளுக்கு ஒரு வசந்தம். லயத்துக் கூரைத் தகரம் ஆறு வருசமாக ஒழுகுகிறது, அதற்கு எந்த வசந்தம் வரும் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. அந்த நேரம் பார்த்து மழை இறங்கியது. காகிதப் பூவின் சாயம் கரைந்து குச்சி வழியாக வழிகிறது, ஈரக் காகிதம் கனத்துக் கம்பி இன்னும் கீழே இழுக்கிறது, இழுக்கிற இழுப்பில் மிச்சக் கண்களும் போகிறது. அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கி ஒவ்வொரு கம்பியாக அவிழ்க்க ஆரம்பித்தேன். வேலாயி அக்கா ஓடி வந்து மகளின் இறக்கையைக் கழற்றி வீசிவிட்டு, கம்பளியைப் போர்த்திவிட்டு, அவளும் என்னோடு சேர்ந்து அவிழ்த்தாள். துரை கத்துவார் என்று நினைத்தேன். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள் மகளே. இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். மாஸ்டரும் விடவில்லை, மைக்கைப் பிடித்து, மலையகத் தாய் வசந்தத்தை அறுவடை செய்கிறா என்று அறிவித்தார். ஒரு தொப்பிக்காரர் கிட்டே வந்து என் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துப் படம் எடுத்தார். மழையில் நனைந்ததால் நான் அழுதது அவருக்குத் தெரிந்திருக்காது.

முப்பதாம் திகதி சொன்னபடி கண்டாக்கையா வந்தார். உள் நிரையெல்லாம் துளிர்த்து நாலு விரலுக்கு மேலேயே நின்றது, அதைப் பார்த்து அவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கினதை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் முன் மூன்று நிரை, ஐம்பத்திரண்டு செடி, வெறும் குச்சி. இதுக்கு என்ன, பூக் கட்டினதாலயா என்று அவரே கேட்டார். வேலாயி அக்கா ஆமாங்க என்று சொல்ல வாயெடுத்தாள், நான் அவள் காலை மிதித்தேன். பூக்கட்டினதால் என்று சொன்னால் கட்டச் சொன்னது யார் என்று விசாரணை வரும், மாஸ்டர் பயந்துபோய் நீ வரைந்த படத்தை எடுத்து நீட்டுவார். பள்ளிக்கூட மண்டபத்தில் உன் போட்டோவை மாட்டி, இந்தத் தோட்டத்திலிருந்து ஜப்பான் போன பிள்ளை என்று எழுதிவைத்திருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் அதைக் காட்டித்தான் தாங்களும் படிப்போம் என்கிறார்கள். அதனால், இல்லைங்கையா, மொத மூணு நிரை கை பழகாம வெட்டினது, வெட்டு தாழ்ந்துபோச்சு என்று சொன்னேன். அதைத்தானே நான் அப்பவே சொன்னேன், பொம்பளை செய்யிற வேலையா இது என்று சொல்லிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அந்தச் செடிகள் ஜூன் கடைசிக்குள் துளிர்க்காவிட்டால் முழுத் துண்டும் போய்விடும் என்று கடைசித் தவணை கொடுத்தார். அப்பா பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து நெடுநேரம் கழித்து, அந்த மூணு நிரையைத்தான்டி நீ ரொம்ப நல்லா வெட்டியிருந்த என்று சொன்னார். கல்யாணம் கட்டி முப்பத்தொரு வருசத்தில் அந்த மனுசன் வாயிலிருந்து என் வேலையைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அது.

உன்னைக் காப்பாற்றினேன் என்று பெருமைக்காக எழுதவில்லை. உனக்கு மறந்துபோனதே என்றுதான் வயிறு எரிகிறது. நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அழகாக இருக்கட்டும் என்று செய்தாய், அது எனக்குத் தெரியும். ஆனால் ஐந்து வருசம் பார்க்காமல் இருந்தால் உயிரோடு இருப்பதும் செத்தது மாதிரித்தான் தெரியும், நம் மலையும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது, நானும் அப்பாவும் எப்படித் தெரிகிறோமோ. எல்லாப் பூவையும் அவிழ்த்தேன், பாலத்துச் சுவரை ஒட்டி நிற்கிற கடைசிச் செடியில் மட்டும் அவிழ்க்கவில்லை. நிறம் போய்ப் பழந்துணி மாதிரித் தொங்குகிறது, போகிறவர் வருகிறவர் எல்லாம் அதை ஏன் விட்டுவைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். கட்டச் சொன்னவள் வந்து தன் கையால் அவிழ்க்கட்டும் என்று வைத்திருக்கிறேன். அந்தச் செடி போனாலும் போகட்டும்.

வேறு விசேஷம் இல்லை. மாஸ்டர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து, தான் விளங்காமல் செய்துபோட்டேன் என்று வருத்தப்பட்டார், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். நீ அவரைக் குறை சொல்லி ஒன்றும் எழுதாதே. தலைக்கு எண்ணெய் வை, போட்டோவில் பார்த்தால் பஞ்சு மாதிரிப் பறக்கிறது. வேலை வேலை என்று இரவுச் சாப்பாட்டை விடாதே. போன மாசம் அனுப்பின குளிர்ச் சட்டையை அப்பா சாமிப் படத்துக்குக் கீழே மடித்து வைத்திருக்கிறார், போடச் சொன்னால் நீ வரும்போது போடுவாராம். மாரியம்மன் உனக்குத் துணையாக இருந்து நோய்நொடி இல்லாமல் காக்க வேண்டும், நினைத்ததெல்லாம் நல்லபடி நடக்க வேண்டும். பயணச் சீட்டுப் போடுகிறதென்றால் வசந்தத்துக்குப் போடாதே, ஜூனுக்குள் ஒரு திகதியைச் சொல்.

இப்படிக்கு
கோபம் இன்னும் பாதி மிச்சமிருக்கிற உன் அம்மா
பூரணி பொன்னையா

13.05.2025. நேற்றும் இன்றும் வெசாக் லீவு, தபால் கந்தோர் பூட்டு, அதனால் கடுதாசி வீட்டிலேயே கிடந்தது. இன்று காலையில் பாலத்தடிக்குப் போனேன். உனக்கென்று விட்டுவைத்த அந்தச் செடியில், கம்பிக்கு அடியில், ஒரு கண் வெடித்துக் கம்பியை முட்டிக்கொண்டு நிற்கிறது. பிறகு ஓடிப்போய் மற்றச் செடிகளைப் பார்த்தேன், முன் நிரையில் பதினாறு செடியில் வந்திருக்கிறது, அப்பாவிடம் இந்தத் தடவை உடனே சொல்லிவிட்டேன். நீ வருகிற வரைக்கும் பொறுத்திரு என்று அந்தத் துளிரிடம் சொல்ல முடியாது, அதனால் கம்பியை நானே அவிழ்த்துவிட்டேன். உனக்கு இங்கே இப்போது ஒரு வேலையும் மிச்சமில்லை. சும்மாவே வா.